பால் சொட்டாத ரப்பர்ச் செடி

கல்யாண வரவேற்பு மேடையில், மணமக்களின் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் பூ அலங்காரத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால், ரோஜாவுக்கும் ஜெர்பராவுக்கும் நடுவே இடைவெளி தெரியாமல் அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு மஞ்சள் கொத்து கண்ணில் படும். மூக்குத்தி அளவுகூட இல்லாத நூற்றுக்கணக்கான பூக்கள், குச்சியின் நுனியில் குஞ்சம் கட்டியதுபோல் சரிந்திருக்கும். பூக்கடைக்காரர்கள் ‘கோல்டன் ராட்’ என்பார்கள். ஓசூர்ப் பக்கத்திலும் பெங்களூரைச் சுற்றியும் விளைந்து, கட்டுக் கட்டாகச் சந்தைக்கு வருகிறது. பொக்கேயில் அதற்கென்று தனி மரியாதை கிடையாது. ரோஜாவை எடுப்பாகக் காட்டுவதுதான் அதன் வேலை.

தாவரவியலில் அந்தப் பேரினத்துக்குச் சாலிடாகோ என்று பெயர். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவற்றுக்குச் சொந்த மண் வட அமெரிக்கா. சாமந்தி, சூரியகாந்தி, நம் வரப்போரத்துக் கரிசலாங்கண்ணி எல்லாம் இருக்கும் அதே குடும்பம். குளிரில் தண்டு கருகினாலும் மண்ணுக்கடியில் கிழங்குபோல் வேர்த்தண்டு உயிரோடிருக்கும். அடுத்த பருவத்தில் மறுபடி துளிர்க்கும். இந்தச் செடியை நம்பித்தான் தாமஸ் ஆல்வா எடிசன் தன் ஆயுளின் கடைசி ஆண்டுகளைச் செலவிட்டார். மின்விளக்கும் ஃபோனோகிராஃபும் தந்த மனிதர் எண்பது வயதில் ஒரு களைச்செடியின் இலையை ஏன் அரைத்துக்கொண்டிருந்தார் என்று தேடிப் போனால், தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு கிராமங்களிலிருந்து கப்பலேறி மலாயாவில் ரப்பர்ப் பால் மரம் வெட்டிய தமிழர்கள் விடியலில் ஆளெண்ணிக்கைக்கு நின்ற பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

அதற்கு முன் ஒரு லண்டன் கதை. சாலிடாகோவின் ஐரோப்பிய இனம் ஒன்று புண் ஆற்றும் மூலிகையாக நெடுங்காலம் பேர் பெற்றிருந்தது. சேர்த்து முழுமையாக்குவது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்துதான் பேரினத்துக்கே அந்தப் பெயர் வந்தது. 1597இல் மூலிகைகளைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்ட ஜான் ஜெரார்டு அதில் ஒரு வருத்தத்தைப் பதிந்திருக்கிறார். கடல் கடந்து வந்தவரை இந்த மூலிகைக்கு ஓர் அவுன்ஸுக்கு அரை கிரவுன் கொடுத்து வாங்கினார்கள். லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட் காட்டில் அதே செடி மண்டிக் கிடப்பது தெரிந்ததும், ஒரு பொதிக்கு அரை கிரவுன் கொடுக்கக்கூட ஆளில்லை. மருந்து மாறவில்லை, செடியும் மாறவில்லை. வந்த வழி மட்டும் மாறியது. முந்நூறு ஆண்டு கழித்து ரப்பர் விஷயத்தில் எடிசன் கணக்குப் போட்டதும் ஏறக்குறைய இதைத்தான்: கடல் தாண்டி வருவதற்குப் பதிலாக வீட்டுக் கொல்லையில் கிடைத்துவிட்டால் என்ன?

அமெரிக்காவில் இந்தச் செடிக்கு வேறு வாழ்க்கையும் இருந்தது. படிகாரம் சேர்த்துக் கொதிக்கவைத்தால் கம்பளி நூலுக்கு நல்ல மஞ்சள் சாயம் தரும். 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய காலத்துக் குடியேறிகள், வரி கட்டிய தேயிலையைத் தொடாமல் உள்ளூர் இலை தழைகளைக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். சோம்பு மணம் வீசும் ஒரு சாலிடாகோ இனத்தின் இலையும் அவற்றில் ஒன்று. நெப்ராஸ்கா மாநிலம் 1895இலும் அலபாமா 1927இலும் கோல்டன் ராடைத் தங்கள் மாநில மலராக அறிவித்தன. அலபாமா 1959இல் மனம் மாறிக் கமேலியாவுக்குப் போய்விட்டது. செப்டம்பர் தும்மலுக்கு இந்தப் பூதான் காரணம் என்று அமெரிக்காவில் இன்னும் பலர் நம்புகிறார்கள். அது வீண் பழி. இதன் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. வண்டும் தேனீயும்தான் சுமந்து போக வேண்டும். காற்றில் பறந்து மூக்கைப் படுத்துவது அதே பருவத்தில், பூவென்றே தெரியாமல் பூக்கும் ராக்வீட் என்ற செடி.

இனி ரப்பர்.

1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவர் ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சன்னமாகச் சீவி நாள்தோறும் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். மோட்டார் வண்டி பிறந்த நேரமும் அதுதான். மலாயாவில் காடு காடாக அழித்து ரப்பர் நட்டார்கள். மரம் நட்டால் போதாதே, வெட்ட ஆள் வேண்டும். கங்காணிகள் தமிழ்நாட்டு ஊர்களுக்கு வந்து ஆள் திரட்டினார்கள்.

ரப்பர் என்ற சொல்லைவிடப் ‘பால் மரம்’ என்ற சொல்லே தோட்டத்தில் புழங்கியது. விடிவதற்கு முன்னே பெரட்டு. பேர் கூப்பிட்டு ஆளெண்ணி மர நிரைக்கு அனுப்புவார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் வெளிச்சம் வந்ததும் உளியைப் பட்டையில் வைத்தாக வேண்டும். ஒருவருக்கு முந்நூறு மரத்துக்கு மேல். முந்தின வெட்டின் கோட்டில் உறைந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்து, நூலளவு பட்டையைச் சீவ வேண்டும். ஆழம் மிகுந்தால் மரத்துக்குக் காயம், ஆழம் குறைந்தால் பால் வராது. அந்த நூலளவு மணிக்கட்டில் இருந்தது. எந்த இயந்திரத்துக்கும் அது வரவில்லை. பிறகு மங்குகளில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்து, தோளில் சுமந்து கொட்டகைக்குப் போக வேண்டும். 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் நிர்ணயித்த கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40 சென்ட். உலகத்தின் டயர்கள் அந்தக் கூலியின் மேல்தான் உருண்டன. ரப்பர் வரலாறு எழுதுகிறவர்கள் விக்கமின் விதைகளுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியையாவது இந்த மணிக்கட்டுகளுக்கு ஒதுக்கியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் அப்போது இரண்டு கோடி வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. உலக ரப்பரில் முக்கால் பங்குக்கு நெருக்கமாக அந்த ஒரு நாடே வாங்கியது. சொந்தமாக விளைவித்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. முதல் உலகப் போருக்குப் பின் ரப்பர் விலை சரிந்ததும், பிரிட்டிஷ் தோட்ட முதலாளிகள் தங்கள் அரசிடம் முறையிட்டார்கள். 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டம் அமலுக்கு வந்தது: மலாயாவும் இலங்கையும் எவ்வளவு ரப்பர் ஏற்றுமதி செய்யலாம் என்பதற்கு வரம்பு. 1925 கோடையில் விலை பவுண்டுக்கு ஒரு டாலரைத் தாண்டியது. அமெரிக்க வர்த்தக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர் கொதித்தார். டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோன் லைபீரியாவில் பத்து லட்சம் ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பிடித்தார். ஹென்றி ஃபோர்டு அமேசான் காட்டுக்குள் ஃபோர்டுலாண்டியா என்று ஒரு நகரத்தையே எழுப்பப் போனார். அங்கே நெருக்கமாக நட்ட ரப்பர் கன்றுகளை இலைக்கருகல் நோய் தின்றது.

இவர்கள் இருவருக்கும் நண்பரான எடிசன் வேறு கோணத்தில் யோசித்தார். லைபீரியாவும் பிரேசிலும்கூடக் கடல் கடந்தவைதான். போர் வந்து கப்பல் நின்றால்? அவருக்கு அனுபவம் இருந்தது. 1914இல் போர் மூண்டபோது இசைத்தட்டு செய்யத் தேவையான ஃபீனால் ஐரோப்பாவிலிருந்து வராமல் போக, தானே தொழிற்சாலை போட்டுத் தயாரித்தவர் அவர். மறு ஆண்டே இந்த மூவரும் கலிபோர்னியாவில் தாவர ஒட்டுக்கலை நிபுணர் லூதர் பர்பாங்கின் தோட்டத்தில் சந்தித்தார்கள். ரப்பர் பற்றிய பேச்சு அப்போதே எழுந்தது.

1927இல் மூவருமாகப் பணம் போட்டு எடிசன் தாவர ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மயர்ஸில், கலூசஹாட்சி ஆற்றங்கரையில் எடிசனுக்குக் குளிர்கால வீடு இருந்தது. பக்கத்து வீட்டை ஃபோர்டு 1916இல் வாங்கியிருந்தார். அந்த வீட்டின் பெயர் ‘மாங்கோஸ்’, மாமரங்கள் நின்ற தோப்பு. எடிசனின் வளாகத்தில் 1928இல் புதிய ஆய்வுக்கூடம் எழுந்தது.

எடிசன் தேடியது நிரந்தரமான ரப்பர் பயிரை என்று நினைத்தால் அவர் முயற்சியைத் தவறாக எடைபோடுவோம். சமாதான காலத்தில் மலாயா ரப்பரோடு விலையில் போட்டியிட முடியாது என்பது அவருக்குத் தெரியும். போர் வந்தால் உடனே விதைத்து, ஒரே பருவத்தில் அறுவடை செய்யக்கூடிய பயிர் வேண்டும். பால் மரம் வெட்டுக்கு வர ஐந்தாறு ஆண்டு ஆகும். எதிரி அதுவரை காத்திருக்க மாட்டான். இன்னொரு நிபந்தனை: கைவேலை கூடாது. விடியற்காலையில் முந்நூறு மரத்தைச் சீவ அமெரிக்காவில் அந்தக் கூலிக்கு ஆள் கிடையாது. ஆகவே இயந்திரத்தால் அறுத்து, இயந்திரத்தால் அரைக்கும் செடி தேவைப்பட்டது. தமிழ்த் தொழிலாளியின் கைக்கு மாற்று தேடும் வேலை அது என்று அந்த ஆய்வுக்கூடத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வேலையின் உள்ளடக்கம் அதுதான்.

தேடிய விதம் எடிசனுக்கே உரியது. மின்விளக்கு இழைக்காக உலகம் முழுவதும் நாரும் மூங்கிலும் தேடியவர் அவர். நல்ல மூங்கிலுக்காக ஜேம்ஸ் ரிக்கல்டன் என்ற பள்ளி ஆசிரியரை 1888இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் அனுப்பியிருக்கிறார். இப்போது அமெரிக்காவின் தென்மாநிலச் சாலையோரங்களிலும் சதுப்புகளிலும் ஆட்கள் செடி பிடுங்கினார்கள். நியூயார்க் தாவரவியல் பூங்காவின் ஜான் கங்கெல் ஸ்மால் செடிகளை இனங்காண உதவினார். சோதித்த மாதிரிகள் 17,000க்கு மேல். காது ஏறக்குறைய முழுதும் கேளாமல் போய்விட்ட கிழவர், குறிப்பேடுகளில் செடி செடியாகச் சதவிகிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

செடிக்குள் ரப்பர் இருப்பது நமக்குப் புதிதல்ல. எருக்கிலையைக் கிள்ளினால் பால் சொட்டும். கள்ளியை ஒடித்தாலும் அப்படியே. பாலுள்ள செடிகளில் பலவற்றில் ரப்பர் துளிகள் மிதக்கின்றன. எடிசனும் முதலில் பால் செடிகளைத்தான் பார்த்தார். நம் ஊர்களில் கருடப்பாலை என்று வேலியோரம் படரும் மடகாஸ்கர் கொடியும் அவர் தோட்டத்தில் இடம் பெற்றது. ஆனால் பாலை வடிக்க மறுபடியும் கை வேண்டும், கத்தி வேண்டும்.

கோல்டன் ராடில் பாலே கிடையாது. தண்டை ஒடித்தாலும் இலையைக் கசக்கினாலும் ஒன்றும் சொட்டாது. அதன் ரப்பர் இலையின் உயிரணுக்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. வெளியே எடுக்க ஒரே வழி, செடியை அறுத்து, இலையை உதிர்த்துக் காயவைத்து, பொடியாக்கிக் கரைப்பானில் ஊறவைப்பது. முதலில் அசிட்டோன்: பச்சையமும் பிசினும் அதில் இறங்கிவிடும். அடுத்து பென்சால்: மிச்சமிருக்கும் ரப்பர் அதில் கரையும். பென்சாலை ஆவியாக்கினால் அடியில் ரப்பர் தங்கும். எடிசனுக்குப் பிடித்துப் போனதற்குக் காரணம் இதுவே. உழவும் அறுப்பும் ரசாயனமும் போதும். வெட்டும் கை எங்கேயும் குறுக்கே வராது.

1929 வாக்கில் அவர் முடிவுக்கு வந்துவிட்டார். ஃபுளோரிடாவின் ஈரநிலங்களில் வளரும் லீவன்வொர்த் கோல்டன் ராட் என்ற இனம் பரிசோதனைகளில் மேலே வந்தது. நல்ல செடிகளைப் பொறுக்கி, அவற்றிலிருந்தே மேலும் பெருக்கி வளர்த்ததில், சாதாரணமாக இடுப்பளவு, ஆளுயரம் நிற்கும் செடி 12 அடியைத் தொட்டது. தொடக்கத்தில் சில சதவிகிதமாக இருந்த ரப்பர் அளவு சிறந்த செடிகளில் 12 சதவிகிதம் வரை ஏறியது. அதாவது நூறு கிலோ காய்ந்த இலையிலிருந்து பன்னிரண்டு கிலோ. களைச்செடி ஒன்றை நாலைந்து ஆண்டுக்குள் அந்த இடத்துக்குக் கொண்டு வந்தது சாமானியமான காரியமில்லை. எண்பது வயதுக்குமேல் புதிதாகத் தாவரவியல் கற்றுக்கொண்டு இதைச் செய்தார் என்பதை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

காலம் ஒத்துவரவில்லை. ஸ்டீவன்சன் திட்டத்தில் டச்சுக்காரர்கள் சேரவே இல்லை. இந்தோனேசியத் தீவுகளிலிருந்து ரப்பர் தாராளமாக வந்துகொண்டிருந்தது. 1928 நவம்பரில் பிரிட்டன் திட்டத்தைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு உலகப் பொருளாதாரமே விழுந்தது. 1932இல் ஒரு பவுண்டு ரப்பர் 3 சென்ட்டுக்கும் கீழே போனது. ஏழே ஆண்டில் டாலரிலிருந்து சென்ட்டுக்கு. அந்த வீழ்ச்சி ஃபோர்ட் மயர்ஸில் ஓர் ஆய்வுக்கு வேலையில்லாமல் செய்தது. மலாயாவில் அது தொழிலாளர் லயங்களைக் காலி செய்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்களை நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். நின்றவர்களுக்குக் கூலி குறைந்தது. மரம் அங்கேயேதான் நின்றது, பால் வற்றிவிடவுமில்லை.

எடிசன் 1931 அக்டோபர் 18 அன்று இறந்தார். செடிகளும் குறிப்புகளும் சில ஆண்டுகளில் அமெரிக்க வேளாண் துறையின் கைக்குப் போயின. ஜார்ஜியா மாநிலத்தின் சவானாவில் ஆய்வு தொடர்ந்தது. அங்கே ஒரு குறை தெளிவானது. இந்த ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகள் பால் மர ரப்பருடையதைவிட மிகவும் குட்டையானவை. அதனால் பிசுபிசுத்தது, இழுத்தால் தாங்காது. டயருக்கு வேண்டிய வலு அதில் இல்லை.

எடிசன் பயந்தது அவர் இறந்து பத்தே ஆண்டில் நடந்தது. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறக்குறைய 90 சதவிகிதம் ஒரே மூச்சில் போய்விட்டது. டயருக்குப் பங்கீடு வந்தது. டயர் தேயக்கூடாது என்பதற்காகவே நாடெங்கும் வண்டிகளின் வேகத்தை மணிக்கு 35 மைலாகக் குறைத்தார்கள். பெட்ரோலுக்கும் பங்கீடு போட்டார்கள். பழைய ரப்பரை மக்களிடம் கேட்டு வாங்கினார்கள்.

சாமந்திக் குடும்பமே போருக்கு அழைக்கப்பட்டது என்று சொல்லலாம். கலிபோர்னியாவில் குவாயூலே என்ற புதரை ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டார்கள். மன்சனார் முகாமில் அடைபட்டிருந்த ஜப்பானிய அமெரிக்கர்கள் அதில் ஆராய்ச்சி செய்தார்கள். சோவியத் நாடு கோக்-சாகிஸ் என்ற மஞ்சள் பூ டான்டலியன் வகையின் வேரிலிருந்து ரப்பர் எடுத்தது. ஜெர்மானியர் அதே செடியை ஆஷ்விட்சை ஒட்டிய ராய்ஸ்கோவில் கைதிப் பெண்களை வைத்து வளர்த்தார்கள். கோல்டன் ராடும் மறுபடி வெளியே வந்தது. ஜார்ஜியா வயல்களில் எடிசன் வழிவந்த செடிகளைப் பெருக்கினார்கள். அடிமையாகப் பிறந்து புகழ்பெற்ற வேளாண் அறிஞரான ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரை 1942இல் ஃபோர்டு தன் ஊருக்கு அழைத்து, இந்தச் செடியிலிருந்து ரப்பர் எடுக்கும் முயற்சியில் இறக்கினார். கார்வர் அடுத்த ஜனவரியில் காலமானார்.

எந்தச் செடியும் முந்தவில்லை. பியூட்டாடையீனும் ஸ்டைரீனும் சேர்த்துச் செய்த செயற்கை ரப்பர் முந்தியது. 1945இல் அமெரிக்கத் தொழிற்சாலைகள் 7 லட்சம் டன்னுக்கு மேல் தயாரித்தன. அந்தப் போர் ஆண்டுகளில் நேச நாடுகளுக்கு எஞ்சியிருந்த பெரிய இயற்கை ரப்பர் ஊற்று இலங்கை. மரத்தின் ஆயுளைப் பார்க்காமல் அங்கே பட்டையை வெட்டித் தீர்த்தார்கள்.

மலாயாத் தமிழர்களின் கதி வேறு. வாங்க ஆளில்லாத ரப்பரை வெட்டிப் பயனில்லை. தோட்டங்கள் முடங்கின, அரிசி போயிற்று. வேலை கிடைக்கும் என்ற ஆசை காட்டியும் வலுக்கட்டாயமாகவும் பல்லாயிரம் பேரை ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் மூங்கில் குடிசைகளில் மாண்டவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய கல்லறைகூடக் கிடையாது. மலேசியத் தமிழர்கள் அதைச் சயாம் மரண ரயில் என்றுதான் சொல்கிறார்கள். திரும்பி வந்தவர்கள் 1945க்குப் பிறகு அதே மரங்களின் முன்னால் உளியோடு நின்றார்கள். செயற்கை ரப்பர் வந்த பின்னும் அந்த வேலை ஒழியவில்லை. விமானச் சக்கரத்துக்கும் பாரவண்டி டயருக்கும் இன்றைக்கும் இயற்கை ரப்பர் வேண்டும்; அதை இன்றைக்கும் யாரோ ஒருவர் விடியலில் போய் வெட்டத்தான் வேண்டியிருக்கிறது.

கோல்டன் ராட் தன் வழியில் உலகம் சுற்றியது. அலங்காரச் செடியாக 1935இல் சீனாவுக்குப் போன கனடா இனம் அங்கே வயல்களையும் ரயில் பாதையோரங்களையும் பிடித்துக்கொண்டு, ஒழிக்க வேண்டிய களைகளின் பட்டியலில் ஏறிவிட்டது. ஜப்பானின் தரிசுகளிலும் அதன் உறவுச்செடி இலையுதிர்காலத்தில் மஞ்சளாக மண்டுகிறது. நம்மிடம் அது பொக்கேயோடு நின்றிருக்கிறது.

ஃபோர்ட் மயர்ஸ் வீட்டை 1947இல் எடிசனின் மனைவி மினா ஒரு டாலர் பெற்றுக்கொண்டு நகரத்துக்கு எழுதிக்கொடுத்தார். ஆய்வுக்கூடத்தை அமெரிக்க வேதியியல் கழகம் 2014இல் தேசிய வேதியியல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. மேசைகளும் கண்ணாடிக் குடுவைகளும் அரைவை இயந்திரங்களும் பார்வைக்கு இருக்கின்றன. அருகே ஓர் ஆலமரம். 1925இல் ஃபயர்ஸ்டோன் பரிசளித்தபோது நாலடிக் கன்று, இந்தியாவிலிருந்து வந்தது. எடிசனின் தேடலில் அதன் பாலுக்கும் இடமிருந்தது. விழுது இறங்கிய இடமெல்லாம் தண்டாகி, இப்போது ஒரு ஏக்கருக்கு நெருக்கமாக நிழல் பரப்பி நிற்கிறது. அதன் இலையைக் காம்போடு கிள்ளினால் பால் சொட்டும்.